நிறத்தை விடுங்கள், முதுகைத் தடவுங்கள்

முயல் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் கூண்டுக்கு வெளியே நின்றபடியே இனத்தைச் சொல்லிவிடுவார்கள். வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணும் இருந்தால் நியூசிலாந்து ஒயிட். சாம்பல் நிறம் என்றால் சின்சில்லா. மூக்கும் காதும் கறுத்திருந்தால் கலிபோர்னியன். பழுப்பாக இருந்தால் கிரே ஜெயன்ட். கொஞ்சம் துணிச்சலான ஆளாக இருந்தால் 'காட்டு முயல் கிராஸ்' என்பார். கேத்திக்கும் குன்னூருக்கும் நடுவே ஒரு சரிவில் கொட்டகை போட்டு, தாய்முயலும் கறிமுயலும் விற்றுப் பிழைக்கிறவன் நான். இந்த வர்ணக் கணக்கைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பழமொழி இருக்கிறதே, அது எங்கள் வியாபாரத்தைப் பார்த்துத்தான் பிறந்திருக்க வேண்டும்.

முதலில் இந்த வெள்ளை முயலையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் அதிகம் புழங்கும் கறி இனங்களில் இரண்டு முழு வெள்ளை: நியூசிலாந்து ஒயிட், ஒயிட் ஜெயன்ட். இரண்டுக்கும் கண் சிவப்பு. இரண்டுக்கும் காது நிமிர்ந்து நிற்கும். எடை போட்டுப் பிரிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. நியூசிலாந்து ஒயிட் நன்றாக வளர்ந்தால் 4 முதல் 5 கிலோ வரும். ஜெயன்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, நம் பண்ணைகளில் ஒயிட் ஜெயன்ட்டும் பெரும்பாலும் 5 கிலோவை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆகவே தராசு உதவாது, கண்ணும் உதவாது. கைதான் பேச வேண்டும்.

இந்த முயல்கள் இங்கே வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ராஜஸ்தானில் அவிகாநகரில் 1962இல் தொடங்கிய மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம்தான் நம் நாட்டில் கறி முயல் வளர்ப்புக்கு முறையாக அடி எடுத்துக் கொடுத்தது. 1970களின் கடைசியில் வெளிநாட்டு இனங்கள் வந்து இறங்கின. சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட், கிரே ஜெயன்ட் மூன்றும் அன்றைய சோவியத் நாட்டுச் சரக்கு. அந்த நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிறது. எங்கள் நீலகிரிக்குச் சாண்டிநல்லா. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில், காமராஜ் சாகர் அணைப் பக்கம், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம். நீலகிரி செம்மறியையும் சாண்டினோ ஆட்டையும் வைத்துப் பெயர் வாங்கிய இடம். முயலும் அங்கேதான். மலையில் நல்ல முயல் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முயலின் பாட்டியோ பூட்டியோ இந்த இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள்.

வந்தது சுத்தமாக வந்தது. அப்புறம் வீட்டுக்கு வீடு கைமாறியது. ஆண் முயல் செத்துப்போனால் பக்கத்து லைன் வீட்டில் என்ன ஆண் இருக்கிறதோ அதோடு சேர்த்துவிடுவார்கள். காகிதம் கிடையாது, காதில் எண் கிடையாது. ஆகவே இன்று மலையில் கிடைக்கும் முயலில் பெரும்பகுதியை 'இந்த இனம்' என்று சத்தியம் செய்ய முடியாது. 'இந்த வாகு' என்று மட்டும் சொல்லலாம். பண்ணைக்காரனுக்கு அது போதும் என்பது என் கட்சி. கூண்டும் தீவனமும் கறியும் உடல்வாகைத்தான் கேட்கின்றன. பெயரை யாரும் சமைப்பதில்லை.

வாகு பார்ப்பது எப்படி? ஒரு மேசை, அதன் மேல் வழுக்காத சாக்கு. காலையில் தீவனம் வைப்பதற்கு முன் பார்க்க வேண்டும். முட்டைக்கோஸ் இலையும் ஈரப் புல்லும் தின்ற முயலின் வயிறு பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும். அதைச் சதை என்று நம்பியவர்கள் நிறைய. தூக்கும்போது ஒரு கை பிடரித் தோலில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில். காதைப் பிடித்துத் தூக்குவதைக் கண்டால் நான் வியாபாரமே பேசுவதில்லை. முயலின் எலும்புக்கூடு மொத்த எடையில் 8 சதவீதம்கூட வராது, ஆனால் பின்கால் தசையின் பலமோ அபாரம். அந்தரத்தில் ஒரு உதை உதைத்தால் அதன் முதுகெலும்பை அதுவே முறித்துக்கொள்ளும்.

மேசையில் இறக்கியதும் பதறும். கண்ணை உள்ளங்கையால் லேசாக மூடினால் அடங்கும். முன்பாதங்கள் கண்ணுக்கு நேர் கீழே வர வேண்டும். பின்பாதங்கள் இடுப்புக்கு நேர் கீழே. இழுத்து நீட்டவும் கூடாது, குறுக்கித் திணிக்கவும் கூடாது. நீட்டினால் எந்த முயலும் ஜெயன்ட், குறுக்கினால் எந்த முயலும் நியூசிலாந்து. விற்கிறவர்களின் பாதி வித்தை இந்த இரண்டு அசைவில்தான் இருக்கிறது.

இப்போது பக்கத்திலிருந்து பாருங்கள். கழுத்தடியிலிருந்து முதுகுக் கோடு ஏற வேண்டும். இடுப்புக்கு மேலே உச்சிக்கு வந்து, வால் வரை உருண்டையாக இறங்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் தோளைவிடப் பின்சப்பை சற்றே அகலம். உயரம் எவ்வளவோ அகலமும் ஏறக்குறைய அவ்வளவு. இதுதான் கறிவாகு. நியூசிலாந்து ஒயிட்டுக்கு இலக்கணம் இது.

கண் பார்த்ததைக் கை சரிபார்க்கும். உள்ளங்கையை முதுகில் பதித்துத் தோளிலிருந்து வால் வரை ஒரே இழுப்பாக இழுத்துப் பாருங்கள். எங்கும் தட்டுப்படக் கூடாது. பிறகு கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமும் வரும்படி பிடியுங்கள். அங்கே எலும்புக் கூடாரம் கிடையாது, இருப்பதெல்லாம் சதை. நல்ல கறிவாகு முயலில் அந்த இடம் விரல்களைப் பிரித்துத் தள்ளும். நடுமுள் சதைக்குள் புதைந்திருக்கும். ஜெயன்ட் இரத்தம் ஓடும் முயலில் அதே இடம் நீளமாக இருக்கும், ஆனால் ஒல்லியாக இருக்கும். முள்ளெலும்பின் கணுக்கள் விரலுக்கு எண்ணக் கிடைக்கும். கடைசியாக வாலுக்குக் கீழே, பின்தொடைகள் சேருமிடத்தில் கையைக் கொடுங்கள். அங்கே உள்வாங்கிக் குழிவிழுந்திருந்தால், மேலே எவ்வளவு உருண்டையாகத் தெரிந்தாலும் அது நல்ல கறிவாகு இல்லை.

ஒயிட் ஜெயன்ட்டில் வளைவு தோளுக்குப் பின்னால்தான் மெல்ல ஆரம்பிக்கிறது. உடம்பு நீளம். காதும் நீளம், மடல் தடிப்பு. நியூசிலாந்தின் காது நீளத்தில் குறைவு, நுனி உருண்டை. முன்காலைப் பிடித்துப் பார்த்தாலே எலும்பின் கனத்தில் வித்தியாசம் தெரியும். பெட்டை ஜெயன்ட்டுக்கு அலைதாடி பெரிதாகத் தொங்கும் என்று சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. நன்றாகத் தின்று வளர்ந்த எந்தப் பெண் முயலுக்கும் அலைதாடி வரும்.

நியூசிலாந்து ஒயிட் நியூசிலாந்தில் உருவான இனம் அல்ல என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். அது அமெரிக்காவில், கறிக்கென்றே செதுக்கிச் செதுக்கி உருவாக்கிய முயல். ஒயிட் ஜெயன்ட்டின் மூதாதை ஐரோப்பாவின் பிளெமிஷ் ஜெயன்ட். அந்த அசல் பிளெமிஷ் 6 கிலோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஒன்று சதைக்காக, மற்றது அளவுக்காக. வாகு வேறுபடுவதன் காரணம் இவ்வளவுதான்.

முயல்களை வாகு வாரியாகப் பிரித்துப் பார்க்கும் முறையை எழுத்தில் கட்டிவைத்தவர்கள் அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தார். 1910இல் தொடங்கிய சங்கம் அது. அவர்கள் கணக்கில் வாகு ஐந்து. நான் சொன்ன கறிவாகும், தோளுக்குப் பின்னால் வளைவு தொடங்கும் பிளெமிஷின் அரைவளைவும் இரண்டு. டச்சு, நெதர்லாந்து குள்ளன் போன்ற குட்டை முயல்களுக்குக் கச்சிதவாகு. ஊட்டியில் சுற்றுலா வந்தவர்கள் குழந்தைக்கு ஆசையாக வாங்கிப் போகும் கறுப்பு வெள்ளை முயல் பெரும்பாலும் இந்த வகைக் கலப்புத்தான். கழுத்திலிருந்தே வில்லாக வளைந்து, நாலு காலில் நிமிர்ந்து நிற்கும் முழுவளைவு முயல்களை, உதாரணமாக பெல்ஜியன் ஹேரை, மேசையில் உட்கார வைத்துப் பார்க்கக் கூடாது. ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாவது உருளைவாகு. மெலிந்து நீண்டு, தோளும் இடுப்பும் ஒரே அகலம். உலகத்தில் அந்த வாகுக்கு அவர்கள் ஒப்புக்கொண்ட இனம் ஒன்றே ஒன்று: ஹிமாலயன்.

ஹிமாலயனைச் சொன்னதும் கலிபோர்னியனுக்கு வர வேண்டியிருக்கிறது. மலையில் நடக்கும் குழப்பங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டுக்கும் வெள்ளை உடம்பு. மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கறுப்பு. 1920களில் அமெரிக்காவில் கலிபோர்னியனை உருவாக்கியபோது ஹிமாலயனையும் சின்சில்லாவையும் நியூசிலாந்து ஒயிட்டையும்தான் கலந்தார்கள். கறுப்பு முனைகள் ஹிமாலயனிடமிருந்து வந்தன. உடம்பு நியூசிலாந்தை ஒட்டியது. கையில் எடுத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்: ஒன்று உருளை, மற்றது கட்டை.

ஆனால் அந்தக் கறுப்பு இருக்கிறதே, அது தட்பவெப்பத்தைப் பொறுத்தது. கறுப்பு நிறத்தை உண்டாக்கும் நொதி இந்த முயல்களில் குளிர்ந்த இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். உடம்பின் சூடு குறைவான முனைகள் கறுப்பதற்குக் காரணம் அதுதான். முதுகில் ஒரு பட்டை ரோமத்தைச் சிரைத்துவிட்டு அங்கே பனிக்கட்டி வைத்துக் கட்டினால், புதிதாக முளைக்கும் ரோமம் கறுப்பாக வரும். உயிரியல் பாடப் புத்தகங்களில் இருக்கும் பழைய சோதனை இது. எங்களுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளில் இரண்டை டிசம்பர் உறைபனியில் ஊட்டிப் பக்கம் வைத்தும், இரண்டை மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பியும் பாருங்கள். மேலே இருப்பது கரிக்கட்டையாக மூக்கு வைத்திருக்கும், சில சமயம் கண்ணைச் சுற்றியும் புகை படியும். கீழே போனது வெளிறிப்போய்க் காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிடும்.

மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் ஒரு கோடையில் போனில் சண்டைக்கு வந்தார். "ஏனுங்க, கலிபோர்னியன்னு குடுத்தீங்க, இது என்னங்க வெளுத்துப்போச்சு? கலப்படங்களா?" என்றார். முதுகைத் தடவிப் பாருங்க, இடுப்புல கை வைங்க, வெளுத்தது மூக்குதானே, சதை எங்கயும் போகலையே என்றேன். அவருக்குச் சமாதானமாகவில்லை. கார்த்திகைக்குப் பிறகு மூக்கு தானாகவே கறுத்தது. அதன்பின் போன் வரவில்லை.

சின்சில்லாவுக்கு மட்டும் நான் ரோமத்துக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கிறேன். வாயை நெருக்கிக்கொண்டு போய் ரோமத்தில் ஊதுங்கள். பூ விரிவதுபோல விலகும் ரோமத்தில் வளையம் வளையமாக நிறம் தெரியும்: அடியில் கரும்பலகை நீலம், அதற்கு மேல் முத்து வெள்ளை, பிறகு கறுப்பு விளிம்பு, அதற்கும் மேல் வெள்ளை. வளையம் கலங்கி, பழுப்பு எட்டிப்பார்த்தால் கலப்பு. ஆனாலும் சின்சில்லா நிறம் எந்த உடம்பிலும் ஏறி உட்காரும். சாம்பல் நிறத்தில் ஒன்றரைக் கிலோவில் நின்றுபோன முயலைச் சோவியத் சின்சில்லா என்று விற்பதை நான் பார்த்திருக்கிறேன். சோவியத் சின்சில்லா கட்டுமஸ்தான, 4 கிலோவுக்கு மேல் வரும் முயல். ஊதிப் பார்த்த பிறகு தூக்கியும் பார்க்க வேண்டும்.

காட்டு முயல் கிராஸ் கதைக்கு வருகிறேன். கிரே ஜெயன்ட்டின் ரோமம் காட்டு முயலின் பழுப்புச் சாயலில் இருப்பதால் வந்த வினை இது. தேயிலைக் காட்டுக்குள் விடியற்காலையில் குறுக்கே ஓடும் நம் முயல் வேறு சாதி. பிடரியில் கரும் பட்டை, வாலின் மேல்பக்கம் கறுப்பு, பின்கால் மிக நீளம், உடம்பில் சதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அதன் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடு, கண் திறந்து பிறக்கும். வளர்ப்பு முயல் குட்டியோ சிவப்புச் சதைத் துண்டாக, கண்மூடிப் பிறந்து, பத்து நாள் கழித்துத்தான் உலகத்தைப் பார்க்கும். வளர்ப்பு முயலுக்கு 44 குரோமோசோம், காட்டு முயலுக்கு 48. இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. அப்படியிருக்க 'கிராஸ்' எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, காட்டு முயல் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பொய் சொல்லி விலையேற்றப் பார்க்கிறவர், அது உண்மையாக இருந்தால் வனத்துறை தன்னை அள்ளிக்கொண்டு போகும் என்பதைக்கூட யோசிப்பதில்லை.

எலும்பை வைத்து முயலை அளக்கும் வேலையை முதலில் பொறுமையாகச் செய்தவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். வளர்ப்பு விலங்குகளைப் பற்றி அவர் 1868இல் வெளியிட்ட பெரிய நூலில் முயலுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வீட்டு முயலின் காட்டு மூதாதை, வீட்டு முயல், தொங்கு காது முயல் எனக் கபாலங்களையும் எலும்புகளையும் வரிசையாக வைத்து அளந்தார். ஒரு காது மட்டும் தொங்கிய முயலில், அந்தப் பக்கத்துக் கபாலமே மாறிப்போயிருந்ததைக் குறித்துவைத்தார். காதின் கனம் எலும்பை வளைத்திருக்கிறது! வீட்டு முயலின் உடம்பு மனிதன் கை பட்டு எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதெல்லாம் கண்காட்சிக்காரர்களின் கவலை, கறிக்கு வளர்ப்பவனுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கொட்டகைக்குள் வந்து பார்க்கட்டும். கறிவாகு முயல் கம்பிவலைத் தரையில் சுகமாக இருக்கும். அதன் பாதத்து ரோமம் அடர்த்தி. எடை ஏறிய ஜெயன்ட்டை அதே கம்பியில் விட்டால் பின்பாதம் புண்ணாகும். ஒரு பலகைத் துண்டாவது உள்ளே போட வேண்டும், கூண்டும் பெரிதாக வேண்டும். நியூசிலாந்துப் பெட்டையை ஆறு மாதத்தில் இணை சேர்க்கலாம். ஜெயன்ட் இரத்தம் என்றால் எட்டு, ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும். அதன் எலும்பு வளர்ந்து முடியவே அவ்வளவு நாளாகும். நல்ல கறிவாகு குட்டி பன்னிரண்டு வாரத்தில் 2 கிலோவை எட்டி விற்பனைக்கு நிற்கும். ஜெயன்ட் குட்டி அதே எடையைக் காட்டினாலும் அறுத்தால் எலும்பு கூடுதல், தொடை மெலிவு. மலையில் கிக்குயூ புல்லும், கேரட் கழுவும் இடங்களில் கிடைக்கும் தழையும் செலவில்லாமல் வந்துவிடுகின்றன, அடர்தீவனம்தான் காசு. அந்தக் காசு சதையாகப் போகிறதா எலும்பாகப் போகிறதா என்பதை வாகுதான் முடிவு செய்கிறது.

வெயில் விஷயத்தில் எங்களுக்கு ஒரு சலுகை உண்டு. சமவெளியில் வெயில் 32 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் ஆண் முயல் வீரியம் இழக்கும், சினை நிற்காது. இங்கே அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு ஈரம். ஆடி, ஆவணி மூடுபனியில் மூக்கொழுகலும் சொறியும் தேடி வரும். நோய்ப்பட்ட முயல் தோளைக் குறுக்கி, முதுகைக் கூனிக்கொண்டு உட்காரும். பார்ப்பதற்கு அரைவளைவு போலவே இருக்கும். ஆகவே நோஞ்சானிடம் வாகு பார்க்காதீர்கள்.

குட்டியிடமும் பார்ப்பதற்கு ஒரு காலம் இருக்கிறது. எட்டு வாரத்தில் உடம்பு ஒரு நல்ல குறிப்புக் காட்டும். அதன்பின் மூன்று, நான்கு மாதத்தில் காதும் காலும் முந்திக்கொண்டு வளர, பருவ வயதுப் பையன் மாதிரி கோணல்மாணலாக நிற்கும். அந்த நேரத்தில் நல்ல முயலைக் கழித்துக் கட்டியவர்களும் உண்டு, மோசமானதை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மறுபடி ஆறாவது மாதத்தில் பார்த்தால்தான் தீர்ப்பு.

கோத்தகிரிப் பக்கம் டேன்டீ தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் ஒரு குடும்பம் 'யூனிட்' வாங்கியிருந்தது. ஏழு பெண், மூன்று ஆண் சேர்ந்தது ஒரு யூனிட். குட்டிகளைத் தாங்களே திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சமவெளிப் பண்ணை ஒன்று ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த சரக்கு. "அண்ணா, ஒருவாட்டி பார்த்துட்டுப் போங்க" என்று அந்த வீட்டுப் பெண் கூப்பிட்டதால் போனேன். தாளில் பத்தும் சுத்த ஒயிட் ஜெயன்ட். மேசையில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். இரண்டு அசல் கறிவாகு. ஒன்று டச்சு இரத்தம் ஓடிய குட்டை. மீதியெல்லாம் எதிலும் சேராத ஒல்லி. ஆண் என்று கொடுத்த மூன்றில் ஒன்று பெட்டை. இவ்வளவும் வெள்ளை, இவ்வளவும் சிவப்புக் கண். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் யாருக்கும் இதுதான் கிடைக்கும். திருப்பி வாங்குவதாகச் சொன்னவர்கள் திரும்பியே பார்க்கவில்லை. அந்த இரண்டு கறிவாகுப் பெட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நல்ல ஆண் ஒன்று தேடிச் சேர்க்கச் சொன்னேன். இன்று அவர்கள் கூண்டில் இருப்பதெல்லாம் அந்த இரண்டின் வாரிசுகள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்வது இது. சாண்டிநல்லாவிலோ மன்னவனூரிலோ சொல்லிவைத்து, காத்திருந்தாவது வாங்குங்கள். தனியாரிடம் வாங்குவதானால் குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயையும் தகப்பனையும் மேசைமேல் ஏற்றச் சொல்லுங்கள். ஈற்றுக்கு எத்தனை குட்டி, எட்டாவது வாரத்தில் என்ன எடை என்று எழுதிவைத்த நோட்டைக் கேளுங்கள். முயலைத் தொடவிடாத ஆளிடம், அவர் என்ன இனப்பெயர் சொன்னாலும், வாங்காதீர்கள்.